தார்ப்பாய் அக்காவும் ‘கடப்பு’ என்ற சொல்லும்

கப்பற்படைத் தளத்தில் அவர் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தார். பணிப்பதிவேட்டில் முறையான பெயர் ஒன்று இருந்தது. வாயிலில் அடையாள அட்டையைச் சரிபார்க்கும் காவலரைத் தவிர வேறு யாரும் அதை வாயால் சொன்னதில்லை. தளபதியிலிருந்து தரை கூட்டுகிறவர் வரைக்கும் அவர் தார்ப்பாய் அக்காதான். உயரம் நான்கு அடி பத்து அங்குலம். குரல் மட்டும் ஆறடி. உலர்துறையின் ஒரு கோடியில் நின்று அவர் ‘இழு’ என்றால், நூற்று நாற்பது மீட்டர் தள்ளி மறு கோடியில் நிற்கிறவர் கையில் கயிறு தானாக இறுகும் என்பார்கள்.

உலர்துறையைக் கப்பலைக் குளிப்பாட்டும் தொட்டி என்று வைத்துக்கொள்ளலாம். கப்பல் உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். கப்பல் ஈரம் சொட்டச் சொட்டக் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். பிறகு சுரண்டலாம், தேய்க்கலாம், வர்ணம் பூசலாம். அந்தத் துறைக்கு வந்தவை பெரும்பாலும் நீர்மூழ்கிகள். நீர்மூழ்கியின் வாலில் இருக்கும் சுழலியைத் தொழிலாளர்கள் விசிறி என்பார்கள். அதற்கு எத்தனை இதழ், ஒவ்வொன்றும் எப்படி வளைந்திருக்கிறது என்று தெரிந்தவனுக்கு, அது தண்ணீருக்குள் போடும் சத்தத்தையும் கணக்கிட்டுவிட முடியுமாம். ஆகவே கப்பலில் எதைப் பார்த்தாலும் பார்க்கட்டும், விசிறியை மட்டும் வெளியார் பார்க்கக் கூடாது.

வெளியார் மதிலேறிக் குதிக்கிறவனாக இருந்தால் காவலர்கள் போதும். அவனோ வானத்தில் இருந்தான். வேற்று நாட்டு உளவுச் செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூமியைச் சுற்றிக்கொண்டே இருந்தன. எது எப்போது வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல். அந்த வருகைக்கு அவர்கள் துறையில் ‘கடப்பு’ என்று பெயர். மறுநாளைய கடப்புகளை நிமிடம் பிசகாமல் தட்டச்சு செய்து, மாலை நான்கரை மணிக்குள் உலர்துறைக்கு அனுப்புவது செய்தி அறையில் இருந்த ஒருவருடைய வேலை. அவருக்குப் பட்டியல்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வாழ்நாளில் ஓர் எழுத்தைக்கூட அடித்துத் திருத்தாதவர் என்று பெருமை பேசுவார், பொய்யில்லை.

பட்டியலில் காலை 9.12 என்று இருந்தால் 9.00 மணிக்குச் சங்கு ஊதும். விசிறியைத் தேய்க்கிறவர்கள் கருவிகளை வைத்துவிட்டு விலகுவார்கள். அக்காவும் அவர் குழுவிலிருந்த பத்துப் பெண்களும், பதினெட்டு மீட்டர் நீளமும் பதினான்கு மீட்டர் அகலமுமான தார்ப்பாயை இரும்புச் சட்டத்தின் மேல் இழுத்து மூடுவார்கள். அதற்கு ஏழு நிமிடம். கடப்பு முடிந்து 9.20க்குத் திறப்பார்கள். மூடியே வைத்திருந்தால் என்ன என்று கேட்கலாம். தார்ப்பாய்க்குள் வெயிலில் வேலை செய்கிறவன் அரை மணியில் அவிந்துபோவான். கப்பலும் கடலுக்குத் திரும்பாது.

இருபத்தேழாம் வயதில் அவர் தளத்துக்கு வந்தது தையற்கூடத்துக்கு. உள்ளங்கையில் தோல் பட்டையைக் கட்டிக்கொண்டு, கோணி ஊசியால் படகு உறைகள் தைத்தார். தைத்தவளுக்குத்தான் துணி எங்கே கிழியும் என்று தெரியும் என்ற நியாயத்தில், நாற்பத்தாறாம் வயதில் மூடும் குழுவுக்குத் தலைவியாக்கினார்கள். மின்சாரம் நின்றால் சங்கு ஊதாது என்பதை முதல் மாதத்திலேயே கண்டுகொண்டு, அவர் ஒரு மாற்று ஏற்பாடு வைத்துக்கொண்டார். துறையின் தலைமாட்டில், கிழக்கு மூலையில், இருபத்தைந்து மீட்டர் உயரத்தில் ஒரு விளக்குக் கம்பம். அங்கிருந்து மேற்கு நோக்கி வரிசையாகக் கப்பல் கயிறு கட்டும் இரும்புக் கட்டைகள். ஒன்று முதல் ஒன்பது வரை வெள்ளை வர்ணத்தில் எண் போட்டிருக்கும். காலை முழுவதும் கம்பத்தின் நிழல் அந்தக் கட்டைகளின் மேல் ஊர்ந்து, ஒன்பதிலிருந்து ஒன்றை நோக்கிக் குறுகிக்கொண்டே வரும். எந்த மாதம் எந்தக் கட்டையில் நிழல் நின்றால் என்ன மணி என்று அவருக்கு மனப்பாடம். கடிகாரத்தைப் பார்த்து ஒரு முறை, நிழலைப் பார்த்து ஒரு முறை. அப்படித்தான் அவர் சரிபார்ப்பார்.

குழுவுக்கு ஒரு பதிவேடும் உண்டு. மூடிய நேரம், திறந்த நேரம், கையொப்பம். இங்கேதான் அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தப்பு செய்துகொண்டிருந்தார்கள். தார்ப்பாயைத் தொட்ட கையில் தாரும் மெழுகும் பிசுபிசுக்கும். அந்தக் கையோடு எழுதினால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முந்தைய கண்காணிப்பாளர் ஒரு முறை எரிந்து விழுந்த பிறகு, தார்ப்பாயைத் தொடுமுன்பே இரண்டு கட்டங்களையும் நிரப்பிக் கையொப்பம் போட்டுவிடுவது என்று வழக்கமாகிவிட்டது. எப்படியும் மூடத்தானே போகிறோம் என்ற நினைப்பு. ஐந்து ஆண்டு அப்படியே ஓடிற்று.

ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.15க்குப் பாதுகாப்பு அதிகாரி அவரை அழைத்தார். தளத்துக்கு வந்து ஏழு மாதமே ஆன மனிதர். கெட்டவர் அல்லர், ஆனால் நம்பிக்கை என்பதைத் தாளில் மட்டும் வைக்கிறவர். மேசையில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று விரிந்து கிடந்தது. முழுப் பக்கத்துக்குக் கறுப்பு வெள்ளைப் படம்: உலர்துறை, நீர்மூழ்கி, அதன் வாலில் திறந்த விசிறி. இதழ்களை எண்ணலாம். படத்தின் கீழே, செயற்கைக்கோள் எடுத்தது என்றும், நாள் மார்ச் 14 என்றும் இருந்தது. மணி இல்லை.

அக்காவுக்கு முதலில் கோபம் வரவில்லை, வெட்கம் வந்தது. தான் பெற்ற பிள்ளை தெருவில் ஆடையில்லாமல் நிற்பதைப் பார்த்தது போலத் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைய பட்டியலில் இரண்டே கடப்புகள், காலை 9.12, பிற்பகல் 1.40. இரண்டுக்கும் மூடியதாகப் பதிவேட்டில் அவர் கையொப்பம் இருந்தது. அதிகாரி பதிவேட்டை எடுத்து, பக்கத்தின் மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டினார்.

“அஞ்சு வருஷப் பதிவேடும்மா இது. ஒரு தார்க்கறை கூட இல்லையே. தார்ப்பாய் இழுக்கிற கை இவ்வளவு சுத்தமா இருக்குமா?”

முதலிலேயே கையெழுத்துப் போட்டுவிடுவோம் என்று அக்கா உண்மையைச் சொன்னார். அப்படியானால் இந்தப் பதிவேடு எதற்கும் சாட்சியாகாது என்றார் அதிகாரி. மூட மறந்தீர்களா, வேண்டுமென்று மூடாமல் விட்டீர்களா என்பதுதான் இனி விசாரணை. திங்கள் காலை பத்து மணிக்குத் தளபதி முன்னால் வர வேண்டும். அதற்குள் சரியான விளக்கம் இல்லாவிட்டால் பணிநீக்கம், குழுவும் கலைக்கப்படும். கடைசியில் குரலைத் தாழ்த்தி, இது கவனக்குறைவோடு நின்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் அக்காவைச் சுட்டது. கவனக்குறைவுக்கு அப்பால் இருப்பது துரோகம் என்ற சொல். அவர் மூடினார். பதினொரு பேரும் சேர்ந்துதான் மூடினார்கள். ஆனால் படத்தில் விசிறி திறந்து கிடந்தது.

வெளியே அவருடைய நாத்தனார் காத்திருந்தாள். கணவரின் தங்கை, குழுவில் கயிறு இழுப்பதிலும் வாய் பேசுவதிலும் முதலாவது ஆள். விவரம் கேட்டவள் ஒரு கணம் யோசித்துவிட்டு, “அண்ணி, பூட்டு சாவி எங்கன்னு சொல்லுங்க, உள்ள போய் அந்தப் பதிவேட்டுல நாலு தாள்ல தார் தடவிட்டு வந்துடறேன்” என்றாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே கண்ணீரும் வந்தது. இத்தனை ஆண்டில் தளத்துக்குள் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. நாத்தனாரும் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள்.

அக்காவின் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். மனைவி தளத்தில் எதையோ மூடுகிறாள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். என்ன என்று கேட்கும்போதெல்லாம் ‘கப்பல் சாமான்’ என்று ஒரே பதில். ஞாயிறு பிற்பகல், ஏப்ரல் 6, அவர் வெளியே போய்விட்டு வந்து, கையிலிருந்த பத்திரிகையைச் சாப்பாட்டு மேசையில் போட்டார்.

“அஞ்சு வருஷமா கட்டின புருஷன்கிட்ட வாயைத் திறக்கல நீ. ரயில் நிலையத்துப் புத்தகக் கடையில கிளிப்பு போட்டுத் தொங்குது உன் ரகசியம்.”

அக்கா அதைத் தொடக்கூட விரும்பவில்லை. கணவர் விடவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஊர் வரைபடம் பார்க்கிறவர் போலப் படத்தின் மேல் விரலை நகர்த்தி, இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டே போனார். அக்கா வேண்டாவெறுப்பாகச் சொல்லிவந்தார். அது பளுதூக்கி. அது தண்ணீர் இறைக்கும் அறை. அது கொட்டகை. கணவரின் விரல் நின்றது.

“இதுல மங்கலா நாலுன்னு தெரியுதே, அது?”

“நாலாம் கொட்டகைங்க அது. சுவர்ல பெரிசா எண் எழுதியிருக்கும்.”

“கூரையிலயா?”

“சுவர்லங்க. கிழக்குப் பக்கத்துச் சுவர்ல.”

சொன்ன வாய் மூடுமுன் அக்காவின் கண் அந்த எண்ணுக்குத் திரும்பியது. பிறகு அக்கா எழுந்து, சமையலறையிலிருந்து ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். கணவரை நாற்காலி மேல் ஏறி நேர் மேலே இருந்து பார்க்கச் சொன்னார். முழங்கால் வலிக்காரர், முனகிக்கொண்டே ஏறினார். என்ன தெரிகிறது என்று கேட்டார் அக்கா. மூடி தெரிகிறது என்றார். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் காகிதம்? தெரியவில்லை. நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டு மறுபடி ஏறச் சொன்னார். இப்போது? மூடியும் தெரிகிறது, காகிதமும் தெரிகிறது, உன் பைத்தியக்காரத்தனமும் தெரிகிறது என்றார் கணவர்.

அக்கா அவரை இறங்கச் சொல்லக்கூட மறந்துவிட்டுப் படத்தின் மேல் கவிழ்ந்தார். தலைக்கு நேர் மேலே இருந்து பார்க்கிறவனுக்குக் கூரைதான் தெரிய வேண்டும். கிழக்குச் சுவர் தெரிகிறது என்றால், பார்த்தவன் கிழக்கே தள்ளி நின்று சாய்ந்து பார்த்திருக்கிறான். அதுவரை படத்தில் விசிறியைத் தவிர வேறு எதையும் அவர் பார்க்கவில்லை. இப்போது துறையின் தலைமாட்டைத் தேடினார். விளக்குக் கம்பம் ஒரு கோடாக நின்றது. அதன் நிழல் மேற்கே விழுந்து கிடந்தது. கட்டைகள் புள்ளி புள்ளியாக இருந்தன. ஊசியின் முனையால் ஒவ்வொன்றாக எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. நிழல் மூன்றாம் கட்டையில் முடிந்தது.

மார்ச் நடுவில் காலை 9.12க்கு நிழல் ஏழாம் கட்டையில் இருக்கும். பிற்பகல் என்றால் நிழல் கிழக்குப் பக்கம் போய்விடும். மூன்றாம் கட்டை என்றால் மணி பத்து ஐம்பது. முன்னே பின்னே இரண்டு மூன்று நிமிடம். அந்த நேரத்துக்குப் பட்டியலில் கடப்பே கிடையாது. கடப்பில்லாத நேரத்தில் விசிறி திறந்துதான் இருக்கும். திறந்து வைப்பதுதான் முறை.

“இறங்கட்டுமா, இல்ல இங்கயே குடியிருக்கட்டுமா?” என்றார் நாற்காலி மேலிருந்த கணவர்.

மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை அறையில் தளபதி, பாதுகாப்பு அதிகாரி, சாட்சியாக அழைக்கப்பட்ட பட்டியல்காரர் மூவரும் இருந்தார்கள். அக்கா தன் பக்கத்தை எழுத்தில் கொண்டுவரவில்லை. டப்பாவைக் கொண்டுவந்திருந்தார். வாயிற்காவலர் அதைத் திறந்து, முகர்ந்து, தட்டிப் பார்த்து, பதினைந்து நிமிடம் கழித்துத்தான் உள்ளே விட்டார்.

டப்பாவை மேசைமேல் வைத்தார். முதலில் பதிவேட்டைப் பற்றிப் பேசினார். முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டது தப்புதான், அதற்கு என்ன தண்டனை உண்டோ கொடுங்கள் என்றார். அதன் பிறகு டப்பாவைக் காட்டிச் சுவரையும், அடுத்து நிழலையும் சொன்னார். பாதுகாப்பு அதிகாரி நம்பவில்லை. நிழலை வைத்து நிமிடம் சொல்வதெல்லாம் கதை என்றார். அக்கா எழுந்து நின்றார்.

“கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குங்கய்யா? இப்போ மணி பத்தரை. எல்லாரும் துறைக்கு வாங்க. பத்து ஐம்பதுக்கு நிழல் மூணாம் கட்டையில இல்லன்னா, நீங்க நீட்டற தாள்ல நானே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன்.”

தளபதி தொப்பியை எடுத்துக்கொண்டார். நால்வரும் நடந்தார்கள். துறையில் வேலை தானாக நின்றது. நாத்தனாரும் மற்ற ஒன்பது பெண்களும் கயிறுகளின் அருகே, கோயில் தூண்களைப் போல அசையாமல் நின்றார்கள். மணி 10.44க்கு நிழலின் நுனி மூன்றாம் கட்டையைத் தாண்டி ஒரு சாண் மேற்கே இருந்தது. பாதுகாப்பு அதிகாரி குனிந்து நிழலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். 10.50க்கு நிழல் கட்டையைத் தொட்டு அதன் மேல் ஏறியது. 10.51க்கு வெள்ளை வர்ணத்தில் எழுதிய மூன்று என்ற எண்ணைச் சரிபாதியாக வெட்டி நின்றது. தளபதி பத்திரிகையை விரித்துப் படத்தோடு ஒப்பிட்டார். மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் உள்ள வித்தியாசம் நான்கு விரற்கடை. பிறகு அவர் நிமிர்ந்து, பட்டியல்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 14 அன்று 10.51க்கு எதுவும் வரவில்லையா என்று கேட்டார்.

பட்டியல்காரரின் முகம் வெளிறியிருந்தது. பொய் சொல்லத் தெரியாதவர்.

“போச்சுங்க ஐயா. ஆனா நம்ம தலைக்கு மேல வரல. கிழக்கே நானூறு கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கு மேல போச்சு. கையேட்டுல கடப்புன்னா என்னன்னு போட்டிருக்கோ, அதுபடிதான் நான் எழுதறது. அதனால அதை விட்டுட்டேன்.”

கையேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். நான்காம் பக்கத்தில், சொற்பொருள் விளக்கத்தில் இருந்தது: ‘கடப்பு: உளவுச் செயற்கைக்கோள் ஒன்று தளத்தின் நேர் மேலே வரும் வேளை.’ அதை எழுதியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. எழுதிய காலத்தில் செயற்கைக்கோளின் கண் நேர் கீழே மட்டும் பார்த்திருக்கலாம். பின்னால் வந்தவை கழுத்தைத் திருப்பக் கற்றுக்கொண்டுவிட்டன. சொல்லுக்குச் சொன்ன பொருள் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டது என்று நினைத்த கதைதான்.

இப்படித் தலைக்கு மேலே வராததால் கடந்த ஓராண்டில் எத்தனை விட்டீர்கள் என்று தளபதி கேட்டார். பட்டியல்காரர் தன் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார்; விட்டவற்றையும் அவர் தனியே குறித்துத்தான் வைத்திருந்தார். கூட்டிப் பார்த்து, இரண்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு என்றார். இரண்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு முறை ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு வாசற்கதவைத் தாழிட்டிருக்கிறார்கள்.

பாதுகாப்பு அதிகாரி பட்டியல்காரரின் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறக்குமுன் அக்கா குறுக்கே புகுந்தார். அண்ணன் மேல் குற்றமில்லை, எழுதி வைத்ததை எழுதியபடி செய்தார், அந்தக் குறிப்பேடு மட்டும் இல்லாவிட்டால் இன்று எனக்கும் வழியில்லை என்றார். பட்டியல்காரர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு எதுவும் இல்லை.

தளபதி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கையேட்டை முழங்கையில் தாங்கிக்கொண்டார். நான்காம் பக்கத்து வரியை ஒரே கோட்டில் அடித்தார்.

“சரி, நீங்களே சொல்லுங்கம்மா. கடப்புன்னா என்ன?”

அக்கா தயங்கவில்லை. “அதால நம்மள பார்க்க முடியுற நேரம் பூராவும் கடப்புதாங்கய்யா. தலைக்கு மேல வந்து பார்த்தா என்ன, வேலியோரமா நின்னு எட்டிப் பார்த்தா என்ன? பார்க்குற கண்ணு ஒண்ணுதானே.”

பட்டியல்காரர் அதைக் கையேட்டு நடையில் சொல்லித் தந்தார். தளபதி ஓரத்தில் எழுதினார்: ‘கடப்பு: உளவுச் செயற்கைக்கோள் ஒன்று தளத்தின் அடிவானத்துக்கு மேலே எழும் கணம் முதல் மறையும் கணம் வரையுள்ள முழு நேரம். நேர் மேலே வர வேண்டியதில்லை.’ நாளும் நேரமும் போட்டார்: ஏப்ரல் 7, முற்பகல் 11.06. அக்காவையும் கீழே கையொப்பம் இடச் சொன்னார். அக்கா பேனாவை வாங்கவில்லை. பக்கத்தில் கிடந்த தார்ப்பாயின் ஓரத்தில் கையை அழுத்தித் தேய்த்துவிட்டு, பிறகுதான் வாங்கினார். கையொப்பத்தின் பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புக் கறை விழுந்தது. பாதுகாப்பு அதிகாரி அதைப் பார்த்தார். அந்த ஏழு மாதத்தில் அவர் சிரித்து முதன்முதலாக அன்றுதான் பார்த்தார்கள்.

“இது சாட்சிம்மா” என்றார்.

அதற்குள் கயிறுகளின் பக்கமிருந்து நாத்தனாரின் சீழ்க்கை கிளம்பியது. கப்பற்படைத் தளத்துக்குள் சீழ்க்கை அடிப்பது விதி மீறல். அன்று அது யார் காதிலும் விழவில்லை.

புதிய பொருளோடு புதிய தொல்லையும் வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை என்றிருந்தது எட்டு, ஒன்பது என்று ஏறியது. ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தது. மூட ஏழு, திறக்க ஏழு என்று போனால் விசிறியைத் தேய்க்க நேரமே மிஞ்சாது. தேய்ப்புக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர், இனி தார்ப்பாய் அக்காவைக் கட்டிக்கொண்டுதான் விசிறிக்கு வாழ்க்கை என்றார். அக்கா தையற்கூடத்துக்குப் போய் ஒன்பது நாள் உட்கார்ந்தார். ஒரே பாயாக இருந்ததை நடுவில் வெட்டி இரண்டாக்கினார். ஓரங்களில் பித்தளை வளையங்கள் கோத்து, திரைச்சீலை போலக் கம்பிகளில் ஓடும்படி செய்தார். கிழக்கிலும் மேற்கிலும் தரை வரை தொங்கும் மடிப்புகளைச் சேர்த்தார்; சாய்ந்து பார்க்கிற கண்ணுக்கு அதுதான் மருந்து. துணி போதாமல் ஒரு மூலையில் வெள்ளைக் கித்தானில், படுக்கும் கோரைப்பாய் அளவுக்கு ஓர் ஒட்டுப் போட்டார். மே 2 அன்று முதல் முறை ஓட்டிப் பார்த்தார்கள். பதினொரு பேர் இழுக்க, இரண்டு பாதியும் நடுவில் வந்து முட்டிக்கொண்டன. ஏழு நிமிட வேலை இரண்டு நிமிடம் பத்து வினாடியில் முடிந்தது. முணுமுணுத்த தேய்ப்புக்காரரே நேரம் பார்த்துச் சொன்னார். இனி பதிவேட்டில் கையெழுத்தும் அவர்தான் போட வேண்டும் என்று தளபதி உத்தரவிட்டார். மூடியவர் ஒருவர், சாட்சி இன்னொருவர்.

அந்த ஆண்டு முழுவதும் எந்தப் பத்திரிகையிலும் படம் எதுவும் வரவில்லை. மூடியது பலித்ததா, பார்க்கிறவன் பார்க்கவே இல்லையா என்று அறிய வழியில்லை. அக்காவுக்கு அதுதான் உறுத்தலாக இருந்தது. கணவர், பரீட்சை எழுதிவிட்டு மதிப்பெண் வராத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறாயே என்று கேலி செய்வார். ஆனாலும் ரயில் நிலையப் பக்கம் போகும்போதெல்லாம் அவரே அந்தக் கடையில் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 2, வியாழன். மாலை ஐந்தே முக்காலுக்குப் பள்ளிப் பேருந்து வழக்கமில்லாத வழக்கமாக வீட்டு வாசலில் வந்து நின்று, மூன்று முறை ஒலி எழுப்பியது. கணவர் இறங்கினார். கையில் அதே பத்திரிகையின் புதிய இதழ், ஒன்றல்ல, பதினொன்று. கடையிலிருந்த அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். நாத்தனாரும் அப்போது வீட்டில்தான் இருந்தாள்.

பக்கத்தைப் பிரித்தார்கள். அதே துறை. அதே விளக்குக் கம்பம். அதே நாலாம் கொட்டகையின் சுவர். நீர்மூழ்கியின் வால் இருக்க வேண்டிய இடத்தில், இரு பக்கமும் தரை வரை தொங்கவிட்ட ஒரு பெரிய கறுப்புப் பெட்டி. அதன் மூலையில் ஒரு சிறு வெள்ளைச் சதுரம். அக்காவின் ஒட்டு.

படத்தின் கீழே இருந்த வரியைக் கணவர் எழுத்துக் கூட்டி மொழிபெயர்த்தார்: “மார்ச் 9. வால் பகுதி முழுவதும் மூடப்பட்டுள்ளது. உள்ளே இருப்பது பற்றி எதுவும் சொல்ல இயலவில்லை.”

“இன்னொரு தடவை படிங்க” என்றார் அக்கா.

படித்தார். மூன்றாம் முறையும் படிக்கச் சொன்னார். படித்தார்.

நாத்தனார் படத்தைத் தன் பக்கம் திருப்பி, வெள்ளைச் சதுரத்தின் மேல் விரலை வைத்தாள். “அத்தனை உசரத்துல இருந்து பார்த்தவனுக்கு அண்ணியோட ஒட்டுத் தையல்தான் கெடைச்சுது. புண்ணியவான், அதையாவது நேரா தைச்சிருக்காங்கன்னு ஒத்துக்கிட்டு இருப்பான்.”

மறுநாள் பத்துப் பெண்களுக்கும் ஆளுக்கொரு பிரதி போயிற்று. பதினோராவதைச் சட்டம் போட்டுத் தங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். தளபதி தன் பங்குக்கு ஒன்றை வரவழைத்து, கையேட்டின் புதுப் பதிப்போடு சேர்த்துத் துறையின் வாயிலில் கண்ணாடிக்குள் வைத்தார். நான்காம் பக்கம் விரித்திருந்தது. அக்கா ஓய்வு பெற்ற நாள்வரை அது அங்கேயே இருந்தது.

ஆனால் அந்த வியாழன் மாலை, மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகும் அக்கா படத்தைக் கீழே வைக்கவில்லை. ஊசிப்பெட்டியிலிருந்து ஊசியை எடுத்து, கம்பத்தின் அடியில் வைத்து, நிழலோடு நகர்த்திக்கொண்டு போனார். ஒன்று, இரண்டு, மூன்று. ஊசி நின்றது.

“பத்து ஐம்பத்தொன்னு” என்றார். “அதே ஆளு. அதே இடத்துல நின்னு எட்டிப் பார்த்திருக்கான்.”

பிறகு ஊசியைப் பெட்டியில் போட்டு மூடினார்.